திரிபுணரி

புணர்ச்சியில் எழுத்து வேறுபடுவதைத் திரிபு என்பர் இலக்கணத்தார். இயற்பியலார்க்கும் திரிபு உண்டு. இழுபட்ட பொருள் தன் நீளத்தில் எத்துணைப் பங்கு மிகுந்தது என்னும் கணக்கு அது. கம்பியை இழுத்தால் மின்தடை மாறும் என்று 1856-இல் வில்லியம் தாம்சன் கண்டார். அவ்வழி வந்த உலோக உணரிகள் பாலத்துக்கும் விமானச் சிறகுக்கும் போதும், தோலுக்குப் போதா. அவை தாங்குவது ஏறத்தாழ 5 விழுக்காட்டு நீட்சியே. மடங்கும் முழங்காலின் தோலோ அதனினும் பன்மடங்கு நீளும்.

2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கரிம நுண்குழல்களை ஒருதிசையில் அடுக்கி, நெகிழும் பரப்பில் மெல்லிய ஏடாகப் பதித்தனர். இழுத்ததும் ஏடு ஆங்காங்கே பிளந்தது. ஆயினும் பிளவின் குறுக்கே நுண்ணிழைகள் பாலமிட்டு மின்னோட்டம் அறாமல் காத்தன. பிளவு விரிய மின்தடை ஏறிற்று, சுருங்க இறங்கிற்று. பொறியியலார் குறையென அஞ்சும் விரிசலே அங்கு அளவுகோலாயிற்று! 280 விழுக்காட்டு நீட்சி வரை அது அளந்தது.

காலுறையில் பதிக்க நடையும், கையுறையில் பதிக்க விரலசைவும், மார்பில் ஒட்ட மூச்சும் பதிவாயின. கவிஞர் கருதத்தக்கது கழுத்து. அங்கு ஒட்டிய ஏடு பேச்சின் அசைவை வரைந்தது. சொல்லைக் கேட்கவில்லை, சொல் பிறக்கையில் தோல் இழுபட்டதையே உணர்ந்தது. 2017-இல் சீனத்தின் சிங்குவா பல்கலைக்கழகத்தார், வாய்பேச இயலாதோர்க்கென, தொண்டையின் முனகலை உணர்ந்து முன்பே வகுத்த ஒலியாக மாற்றும் கிராஃபீன் ஏட்டினைச் செய்தனர்.