டர்போ காருக்கு எத்தனால் போடலாமா?

உங்ககிட்ட டர்போ பெட்ரோல் கார் இருந்தா, "எத்தனால் ஊத்தினா வண்டி இன்னும் நல்லா இழுக்குமாமே?" என்ற பேச்சு காதில் விழுந்திருக்கும். அதுல பாதி உண்மை.

டர்போ, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாகுமே, அதே மாதிரி இந்தக் காற்றும் சூடாகும். சூடு மிஞ்சினால், ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள் மிச்ச எரிபொருள் தானே வெடிக்கும். மெக்கானிக் 'நாக்கிங்' என்பது இதைத்தான். பிஸ்டனுக்கு இது எமன். எத்தனால் ஆவியாகும்போது வெப்பத்தை நிறைய உறிஞ்சிக்கொள்ளும். சானிடைசர் கையில் பட்டா ஜில்லுன்னு இருக்குல்ல, அதேதான். அதன் ஆக்டேன் எண்ணும் 100-க்கு மேல். அதனால், எத்தனாலுக்கென்றே அமைத்த டர்போ இன்ஜின் கூடுதல் அழுத்தம் தாங்கும், சக்தியும் கூடும்.

மறு பாதிதான் பர்ஸைக் கடிக்கும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதே அளவு காற்றுக்கு ஒன்றரை மடங்கு எரிபொருள் போக வேண்டும். உங்க கார் இன்ஜெக்டரும் பம்ப்பும் பெட்ரோலுக்கு அளவெடுத்துச் செய்தவை. அதில் சுத்த எத்தனாலை ஊற்றினால் இன்ஜின் திணறும், செக் இன்ஜின் விளக்கு எரியும், குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும்.

2024 மார்ச்சில் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் 183 பங்குகளில் 'எத்தனால் 100' விற்பனைக்கு வந்தது. அது ஃபிளெக்ஸ் ஃபியூவல் வண்டிகளுக்கு மட்டும். நாம வழக்கமா போடும் இ20 பெட்ரோல் வேறு, அதில் எத்தனால் 20 சதவீதம் வரைதான். லிட்டருக்கு ஆற்றல் 6, 7 சதவீதம் குறையும். இ20-க்கு ட்யூன் செய்த கார் அதில் கொஞ்சத்தை மீட்டுவிடும். பழைய காரில் மைலேஜ் இறங்குவது தெரியும், ரப்பர் குழாய்களையும் சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்க.

உங்க வண்டி எதைத் தாங்கும் என்பது டேங்க் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் இருக்கும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறீங்களா? எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு எரிபொருள் வகையைப் பாருங்க.

"ஈசியூ ரீமேப் பண்ணி எத்தனாலுக்கு மாத்தித் தர்றேன்" என்று யாராவது சொன்னால், என் கருத்து: வேண்டாம். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைப்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது. வாரண்டியும் கையை விட்டுப் போகலாம்.

பங்கில் தவறி எத்தனால் 100 ஊற்றிவிட்டார்களா? சாவியைத் திருப்பாதீங்க. வண்டியைத் தள்ளி ஓரங்கட்டி, டேங்க்கைக் காலி செய்யச் சொல்லுங்க. பில்லையும் பம்ப்பையும் போனில் படம் எடுத்து வச்சுக்கோங்க. பங்கில் சரியான பதில் இல்லைன்னா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.