கரும்பலகையும் தொடுபலகையும்

மைசூரில் வாழ்கிறவனுக்கு வானொலியைப் பற்றிப் பேச ஒரு தனி உரிமை உண்டு. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த எம். வி. கோபாலசுவாமி அவர்கள் 1935ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தை அமைத்தார். 'ஆகாசவாணி' என்ற பெயர் முதலில் வழங்கியது அந்த நிலையத்துக்குத்தான். பிற்காலத்தில் அதுவே நம் நாட்டு வானொலியின் பெயராயிற்று. ஆராய்ச்சிக் கூடத்துக் கருவியாக இருந்த ஒன்றை மக்களுக்குப் பாடம் சொல்லும் கருவியாக மாற்றியவர் ஓர் ஆசிரியர். ஆகவே, வகுப்பறைக்குள் வந்திருக்கும் ஒரு புதிய கருவியைப் பற்றி இந்த ஊரிலிருந்து பேசுவது பொருத்தமே என்று நினைக்கிறேன்.

பள்ளிகளில் 'ஸ்மார்ட் போர்டு' என்று வழங்கும் அக்கருவியை நான் தொடுபலகை என்று சொல்லிக்கொள்கிறேன். பெரிய தொலைக்காட்சித் திரை போன்றது அது. பல பலகைகளில் சட்டத்தின் ஓரங்களிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்துகொண்டிருக்கும். குழந்தையின் விரல் எந்தக் கதிர்களை மறிக்கிறது என்பதைக் கொண்டு விரல் நிற்கும் இடத்தைக் கருவி அறிந்துகொள்கிறது. விரல் நகர்ந்தால் எழுத்து நகரும், படம் பெரிதாகும், தவறாக வைத்ததை எடுத்து வேறிடத்தில் வைக்கலாம்.

தொடக்கப் பள்ளிகளுக்குக் கரும்பலகை முதலிய இன்றியமையாத பொருள்களேனும் கிடைக்கவேண்டும் என்று நம் நாட்டில் ஒரு பெருந்திட்டம் தொடங்கப்பட்டது 1987இல்தான். அதற்குக் 'கரும்பலகைத் திட்டம்' என்றே பெயர். 2024ஆம் ஆண்டிலோ, தமிழ்நாட்டு அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கும் பணி தொடங்கியது. இடைப்பட்ட காலம் நாற்பது ஆண்டுகூட இல்லை. வேகம் வியப்பளிக்கிறது. ஆனால் பலகை மாறியதால் படிப்பு மாறியதா என்ற கேள்விக்கு விடை வகுப்பறையின் வாசலில் நின்று பார்த்தால்தான் கிடைக்கும். அப்படி நின்று பார்த்த ஒரு நாளைப் பற்றித்தான் இன்று சொல்லவந்தேன்.

நான் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளன். சொந்த ஊர் கும்பகோணம். பல ஆண்டுகளாக மைசூரில் குடியிருக்கிறேன். என் மகள் மூன்றாம் வகுப்பு மாணவி. பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாள் அல்லவா? அன்று அவளுடைய பள்ளியில் பெற்றோரை அழைத்திருந்தார்கள். வகுப்பாசிரியை கன்னடத்துப் பெண்மணி. 'ஸ்டோரிவீவர்' என்ற இணையக் கதைக்களஞ்சியத்திலிருந்து ஒரு சிறுவர் கதையை எடுத்துத் தொடுபலகையில் ஏற்றியிருந்தார். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய களஞ்சியம் அது. ஒரே கதை, ஒரே படங்கள். மொழி மட்டும் மாறிக்கொண்டே வரும். கன்னடக் குழந்தை ஒரு பக்கம், உருதுக் குழந்தை ஒரு பக்கம், தெலுங்குக் குழந்தை ஒரு பக்கம் என்று ஒவ்வொருவராகப் படித்தார்கள்.

என் மகளின் முறை வந்தது. பலகையில் தமிழ் எழுத்துகள் தோன்றின. நான்கு வரிகள் இருக்கும். அவள் பலகையைப் பார்த்தாள். பின்வரிசையில் அமர்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சரளமாகச் சொல்லத் தொடங்கினாள். குரலில் தடுமாற்றமே இல்லை. வகுப்பு முழுவதும் கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் அவள் சொன்ன சொற்களில் ஒன்றுகூடப் பலகையில் இருந்த வரிகளில் இல்லை என்பதை அந்த அறையில் அறிந்தவர்கள் இருவரே: அவளும் நானும். படத்தைப் பார்த்துக் கதையை அவளாகவே சொல்லிவிட்டாள்.

வீடு திரும்பும் வழியில் அவளே பேச்சை எடுத்தாள். "அப்பா, பேசுகிற தமிழ் எனக்குத் தெரியும், எழுதியிருக்கிற தமிழ்தான் தெரியாது" என்றாள். குற்றம் சாட்டும் குரல் அன்று அது. உள்ளதைச் சொல்லும் குரல். அதனாலேயே எனக்கு அதிகம் வலித்தது.

நேயர்களே, இதே மைசூரில் தென்னிந்திய மொழிகளுக்கான மண்டல மொழி மையம் இருக்கிறது. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தைச் சேர்ந்தது அது. பிற மாநில ஆசிரியர்கள் அங்கே வந்து தங்கித் தமிழை எழுத்திலிருந்து தொடங்கிக் கற்றுச் செல்கிறார்கள். தமிழே பேசாத வீடுகளில் பிறந்தவர்கள் தமிழ் படிக்கும் ஊரில், தமிழால் பிழைக்கும் என் வீட்டுக் குழந்தை தமிழ் படிக்கவில்லை. அலுவலகம், வேலை, நேரமின்மை என்று எத்தனையோ காரணங்கள் சொல்லலாம். நானும் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் என் காதுக்கே ஏறவில்லை.

மறுநாள் ஆசிரியையிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அவள் கதை சொன்னது பொய்யில்லையே, சார், படிப்பைத்தான் இனிமேல் சேர்க்கவேண்டும்" என்றார். கன்னடத்துக்கும் தமிழுக்கும் பொதுவான எளிய சொற்கள் சிலவற்றை எழுதித் தரும்படி கேட்டார். இரவு உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினேன். பால், ஹாலு, புலி, ஹுலி, பல், ஹல்லு, பூ, ஹூவு, பகல், ஹகலு, பள்ளி, ஹள்ளி.

அவற்றைப் பலகையில் அவர் கலைத்துப் போட்டார். தமிழ்ச் சொல்லுக்கு அடியில் அதன் ஒலியைக் கன்னட எழுத்திலும் எழுதினார். குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து இணைச் சொற்களை விரலால் இழுத்துச் சேர்க்கவேண்டும். அவர் விதியைச் சொல்லவில்லை. ஆறு இணைகள் சேர்ந்ததும், "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டார். தமிழே அறியாத ஓர் உருதுச் சிறுவன்தான் முதலில் கண்டுபிடித்தான்: அங்கே 'ப' வந்தால் இங்கே 'ஹ' வருகிறது! உடனே என் மகள், 'பொன்' என்றால் 'ஹொன்னு' என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். இன்னொரு குழந்தை 'பாடம்' என்பதை 'ஹாட' ஆக்கிப் பார்த்தது. வகுப்பே சிரித்தது. வடமொழியிலிருந்து வந்த சொல் ஆகையால் கன்னடத்திலும் அது 'ப' என்றே தொடங்குகிறது. விதி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதையும் சேர்த்து அந்தச் சிறுவர்கள் அன்று தெரிந்துகொண்டார்கள்.

இதைச் சுண்ணக்கட்டியைக் கொண்டும் செய்திருக்க முடியாதா? முடியும். தொடுபலகை செய்த உதவி இரண்டே. தவறாக வைத்த சொல்லை அழித்த கறையின்றி மாற்றிவைக்க முடிந்ததால் குழந்தைகளுக்கு அச்சம் இல்லை. அன்று செய்ததைச் சேமித்துவைத்து அடுத்த வாரம் அதே இடத்திலிருந்து தொடர முடிந்தது. மற்றவை எல்லாம் ஆசிரியையின் கேள்வி, குழந்தையின் விரல், குழந்தையின் வாய்.

இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளிகளில் இத்தகைய பலகைகளைப் பற்றி நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியாயிற்று. பலகை வந்த வகுப்புகளில் பாடத்தின் வேகம் கூடியது. குழந்தைகள் குழுவாகச் சேர்ந்து பணியாற்றும் நேரமோ குறைந்தது என்று அது கூறியது. படம் மாறமாறப் பாடம் ஓடும். குழந்தை பார்வையாளன் ஆகிவிடும். ஆகவே எவ்வளவு நேரம் பலகை ஒளிர்ந்தது என்று கேட்பதைவிட, எத்தனை குழந்தைகள் அதைத் தொட்டார்கள், எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்று கேட்பதே முறை.

இனி, விலையின்றிக் கிடைக்கும் சாதனங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய அரசின் 'தீக்ஷா' தளம் 2017இல் தொடங்கப்பட்டது. பாடநூலில் அச்சிட்ட சதுரக் குறியீட்டைக் கைப்பேசியால் நோக்கினால் அப்பாடத்துக்குரிய காட்சிகள் வரும். கணிதத்துக்கு 'ஜியோஜீப்ரா' இருக்கிறது. அறிவியலுக்கும் பின்னங்களுக்கும் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் வழங்கும் 'பெட்' செயல்முறைகள் இருக்கின்றன. தமிழுக்கென்றே 2001இல் சென்னையில் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில், மழலைக் கல்விப் பாடங்களைப் பாட்டோடும் ஒலியோடும் வைத்திருக்கிறது. இவற்றில் பலவற்றை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொண்டால் வகுப்பில் இணையத் தொடர்பு தேவையில்லை. தொடுபலகை இல்லாத பள்ளியில் ஒரு வெள்ளைச் சுவரும் ஒரு படவீழ்த்தியும் போதும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. விளம்பரத்தைக் காட்டி, குழந்தையின் பெயரையும் வயதையும் கேட்டு வாங்கும் இலவசம் இலவசமன்று. எவரும் எடுக்கலாம், திருத்தலாம், மொழிபெயர்க்கலாம் என்று உரிமையோடு தருவதே கட்டற்றது. நான் முன்பு சொன்ன கதைக்களஞ்சியம் இந்த இரண்டாம் வகை. அங்கே கதையைப் படிப்பதோடு நில்லாமல் வேறு மொழியில் பெயர்த்தும் வைக்கலாம்.

இதை அறிந்தபோது என் தொழில் எனக்கு முதன்முறையாக வீட்டிலும் பயன்பட்டது. ஞாயிறுதோறும் நானும் மகளும் ஒரு கன்னடக் கதையை எடுத்துக்கொள்கிறோம். அவள் கன்னடத்தைப் படித்துத் தமிழில் பொருள் சொல்வாள். நான் அதை எழுதுவேன். பிறகு எழுதியதை அவள் படிக்கவேண்டும். கன்னடத்தில் ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் எழுத்து உண்டு. தமிழிலோ 'கடல்', 'பகல்', 'சங்கு' மூன்றிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. கன்னடப் பள்ளியில் படிக்கும் தமிழ்க் குழந்தை இடறும் இடம் இதுதான். "எழுத்து ஒன்று, ஒலி மூன்றா? இது என்ன நியாயம்?" என்று என் மகள் வழக்காடுகிறாள். சொல்லின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, மெல்லெழுத்தின் பின் ஒன்று என்று சொல்லிக்கொடுக்கிறேன். 'பகல்' என்பதை இன்னும் 'பக்கல்' என்றே பல வேளைகளில் படிக்கிறாள். திருத்துகிறேன், மறுபடியும் படிக்கிறாள்.

அப்படி முடித்த முதற்கதையை ஆசிரியை தொடுபலகையில் ஏற்றினார். பன்னிரண்டு பக்கங்கள். இந்த முறை என் மகள் விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். இரண்டு இடங்களில் தடுமாறினாள். முன்பு கேட்ட அளவுக்குக் கைதட்டல் இல்லை. கதை மெதுவாகச் சென்றதால் சில குழந்தைகள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெற்றோரே, உங்கள் வீட்டுக் குழந்தை தமிழ் பேசுகிறதென்று மகிழ்ந்திருப்பீர்கள். இன்றிரவு ஒரு தமிழ்க் கதையை அதன் முன் வைத்துப் பாருங்கள். படித்தால் நலம். படத்தைப் பார்த்துக் கதை சொன்னால் கோபிக்க வேண்டாம், அருகில் உட்காருங்கள். குழந்தை படிக்கும் பள்ளியின் மொழி எதுவோ அதிலிருந்தே தொடங்குங்கள். அதன் ஆசிரியரையும் கேளுங்கள். நாலைந்து மொழிகள் ஒரே பலகையில் இடம்பெற இன்று வழியிருக்கிறது. அதில் நம் மொழிக்கு உரிய இடத்தைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.