முனியறையில் முனிவர் இல்லை



கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் குடியிருப்பு மக்களுள் பலர் மூணாறும் கண்டு வருகின்றீர்கள். அங்கிருந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் சாலையிலே மறையூர் இருக்கின்றது. ஒரு பகலேனும் அங்குத் தங்குமாறு வேண்டவே எழுந்துள்ளேன்.

மறையூரை அடுத்துப் பாம்பாற்றங்கரையில் கோவில்கடவு என்றோர் ஊர். அதன் அருகே வெறும் பாறையின்மீது கற்கூடங்கள் நிற்கின்றன. 1984-இல் அறிவிக்கப்பட்ட சின்னாறு வனவிலங்குக் காப்பகத்தினுள், ஆலாம்பட்டிப் பக்கத்திலும் இத்தகையன உண்டு. நாற்புறமும் பலகைக் கற்கள். மேலே ஒரு மூடுகல். சாந்து இல்லை, எடையே பிடிப்பு. மக்கள் இவற்றை முனியறை என்பர். பாண்டவர் வனவாசத்தில் கட்டியவை என்பாரும் உளர். நான் குனிந்து பார்த்த அறையில் நிமிர்ந்து நிற்கவும் இடமில்லை. எந்த முனிவர் அதனுள் காலங்கழித்தாரோ!

இவை பெருங்கற்காலத்து மக்கள் இறந்தோர்க்கு அமைத்த ஈமக்கூடங்கள் என்பதே ஆராய்ந்தோர் முடிபு. குன்னங்குளத்தை அடுத்த சொவ்வன்னூரில் நிலம் செம்புரைக்கல். அங்கே குகையாகவே குடைந்தனர். மறையூரிலோ கருங்கல், குடைதல் அரிது, பலகையாகப் பெயர்த்து அடுக்கினர். இறந்தோரை அடக்கும் முறைகள் ஐந்தினை மணிமேகலையும் சொல்கின்றது.

என் மனத்தைத் தொட்டது வேறொன்று. அக்காலத்தார் பல இடங்களில் உடலை உடனே அடக்கவில்லை. பின்னர் எலும்புகளைத் திரட்டி வந்து வைத்தனர். தொலைவிலிருந்த மகனும் வந்துசேர நாள் இருந்திருக்கும். எந்தை மறைந்த செய்தி கேட்டு இரண்டு இரவு ரயிலில் வந்த நான் கண்டது சாம்பலையே. இங்குள்ளோர் பலர்க்கும் இது நேர்ந்ததுதான்.

இன்று அக்கூடங்களுட் பல சாய்ந்துகிடக்கின்றன. சிலவற்றில் மூடுகல் உடைந்துவிட்டது. புதையல் தேடித் தோண்டியவர் உண்டு. ஏறி நின்று படம் எடுப்பவர் இன்றும் உண்டு. முனிவர் இருந்த இடம் என்றால் கைகூப்புகின்றோம். நம் பாட்டன் பூட்டன் கிடந்த இடம் என்றால் மட்டும் ஏறி மிதிக்கலாமோ?

குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். கல்லின்மேல் ஏறவிடாதீர்கள்; சிறு ஓட்டுத் துண்டும் எடுத்துவர வேண்டா. காப்பகத்தினுள் வனத்துறையின் வழிகாட்டியோடு செல்க. பாறையின்மேல் நின்று கீழே ஓடும் பாம்பாற்றைக் காட்டுங்கள். அது சின்னாற்றோடு கூடி அமராவதியாகிக் கரூர் வழியே காவிரிக்குச் செல்கின்றது.