ஸ்பானிய நாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலையா? பணம் கட்டுமுன் சில கேள்விகள்!

(கும்மிடிப்பூண்டியில் நம் பகுதி இளைஞர்களும் வணிகர்களும் கூடிய வழிகாட்டு அமர்வில், மாலத்தீவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

   

சென்ற மாதம் ஒரு தம்பி என் வீடு தேடி வந்தார். பொன்னேரியில் பி.ஏ. ஆங்கிலம் படித்தவர். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக, சரக்கு அனுப்பும் பிரிவில் இரவு ஷிப்ட் பார்க்கிறார். அவருடைய அத்தா பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். தம்பி கையில் ஒரு தாள். "சார், மெக்சிகோவில் ஆங்கில ஆசிரியர் வேலை. மாதம் ஒரு லட்சம். நாலரை லட்சம் கட்டச் சொல்கிறார்கள். முதலில் சுற்றுலா விசாவில் போய்விட்டு, அங்கே போனதும் மாற்றிக் கொள்ளலாமாம்" என்றார். பாட்டியின் வளையல் அடகுக்குத் தயார். மீதியைத் தாய்மாமன் கடையிலிருந்து புரட்டித் தருவதாகச் சொல்லிவிட்டார். கடைசியாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போக வந்திருக்கிறார்.

போ என்பதா, போகாதே என்பதா? இரண்டையும் நான் சொல்லவில்லை. அன்று அவரிடம் சொன்னதைத்தான் இன்று உங்கள் முன் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். இது கற்பனை வேலை அல்ல. ஸ்பானிய மொழி 20 நாடுகளில் ஆட்சிமொழி. ஸ்பெயினிலிருந்து மெக்சிகோ, கொலம்பியா, பெரு, சிலி, அர்ஜென்டினா வரை அந்த நாடுகள் அனைத்திலும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பெற்றோர் துடிக்கிறார்கள். கொலம்பியா 2004-இல் இருமொழித் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. சிலி நாட்டுக் கல்வி அமைச்சகம் 'ஆங்கிலம் கதவுகளைத் திறக்கும்' என்ற பெயரிலேயே ஒரு திட்டம் நடத்தியது. தேவை இருக்கிறது. அந்தத் தேவைக்கு நம் பிள்ளையை அழைப்பார்களா என்பதுதான் கேள்வி.

நம்மவர்களுக்குப் பழக்கமான பாதை வேறு. எத்தியோப்பியா, நைஜீரியா, மாலத்தீவு என்று இந்திய ஆசிரியர்கள், அவர்களில் தமிழ்நாட்டாரும், ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். நானும் அப்படிப் போனவன்தான். மாலத்தீவுப் பள்ளிகளில் பயிற்றுமொழியே ஆங்கிலம். பட்டமும் பி.எட்.டும் பார்த்தார்கள், அழைத்துக் கொண்டார்கள். "நீ எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?" என்று என்னை யாரும் கேட்கவில்லை.

ஸ்பானிய நாடுகளில் முதல் கேள்வியே அதுதான்! பல நிறுவனங்கள் விளம்பரத்திலேயே 'ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் தேவை' என்று போடுகின்றன. அதன் பொருள் இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து. நம் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள். இது நியாயமா? இல்லை. ஆனால் இருக்கிறது. இதை மறைத்துவிட்டு ஒரு ஏஜெண்ட் உங்களிடம் பேசினால், அவர் எதையோ விற்க வந்திருக்கிறார்.

ஸ்பெயினை எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்தும் தனியார் நிலையங்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத ஒருவரை முதலாளி வேலைக்கு வைக்க வேண்டுமானால், பொதுவாக அந்த வேலைக்கு உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். சிறிய வகுப்பு நடத்துபவர் இத்தனை காகிதத்தையும் சுமப்பாரா? 2020-இல் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு, ஆங்கிலத்தின் தாய்வீட்டுக்காரர்களே இப்போது அங்கே விசாவுக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

ஸ்பெயினில் இன்னொரு வாசல் உண்டு. அரசே வெளிநாட்டு இளைஞர்களை 'மொழி உதவியாளர்' என்று பள்ளிகளுக்கு எடுக்கிறது. பெரும்பாலும் அக்டோபர் முதல் மே வரை, வாரத்துக்கு 12 முதல் 16 மணி நேரம். தருவது சம்பளம் அல்ல, உதவித்தொகை. மாதம் 700 முதல் 1000 யூரோ வரை, பகுதியைப் பொறுத்து. வீட்டு வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவது சொற்பம். வளைகுடாவிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பியது போல இங்கிருந்து அனுப்ப முடியாது. தங்கையின் நிக்காஹை இதை நம்பி நிச்சயிக்காதீர்கள். எந்தெந்த நாட்டார் விண்ணப்பிக்கலாம் என்பதை அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் அறிவிப்பிலேயே வெளியிடுகிறது. அந்தப் பட்டியலை நீங்களே பாருங்கள். இடையில் ஆள் எதற்கு?

இப்போது மெக்சிகோவுக்கு வருகிறேன். அங்கே தனியார் இருமொழிப் பள்ளிகள் ஏராளம். ஆனால் முறை என்ன? வேலை கொடுக்கும் பள்ளி, முதலில் அந்நாட்டுக் குடியேற்ற அலுவலகத்தில் தன்னைப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பள்ளியே உங்கள் பெயருக்கு மனுப்போட்டு அனுமதி வாங்க வேண்டும். அதன் பிறகுதான் இங்கே தூதரகத்தில் உங்களுக்கு விசா. அதாவது, வேலை முந்தி, விசா பிந்தி! சுற்றுலா விசாவில் போய் மாற்றிக் கொள்ளலாம் என்று சொல்பவர் இந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்டுகிறார். புரட்டினால் யாருக்கு லாபம்? விமானம் ஏறிய அன்றே அவர் கணக்கு முடிந்துவிடுகிறது. உங்கள் கணக்கு அங்கேதான் ஆரம்பமாகிறது.

2023 டிசம்பரில் நடந்ததை மறந்துவிடாதீர்கள். அமீரகத்தின் புஜைராவிலிருந்து நிகராகுவாவுக்குக் கிளம்பிய விமானம் ஒன்று, 303 பயணிகளோடு பிரான்சின் வாத்ரி நிலையத்தில் நிறுத்தப்பட்டது. பெரும்பாலோர் இந்தியர்கள். 276 பேர் மும்பைக்குத் திரும்பி வந்தார்கள். அவர்கள் ஆசிரியர் வேலைக்குப் போனவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிகராகுவாவும் ஸ்பானிய மொழி பேசும் நாடுதான். அங்கிருந்து தரைவழியாக அமெரிக்க எல்லைக்கு ஆள் கடத்தும் தொழில் நடக்கிறது. 'அந்தப் பக்கம் வேலை' என்று காதில் விழுந்தால் இதையும் நினைத்துக் கொள்ளுங்கள்.

வணிகப் பெருமக்களுக்கு ஒரு செய்தி. உங்களில் பலர் வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள். அங்கே குடியகல்வு அனுமதி என்று ஒரு வலை இருந்தது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்காவது அது ஒரு காவல். அந்த அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் ஸ்பானிய மொழி நாடு ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே நாமேதான் விழிப்பாக இருக்க வேண்டும். எந்த நாட்டுக்கு ஆள் எடுத்தாலும், 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏஜெண்ட் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும், அவ்வளவுதான். நாலரை லட்சம் எங்கே, முப்பதாயிரம் எங்கே! மருமகனுக்குக் கடன் கொடுக்குமுன் மாமன்மார்கள் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. ரயில் ஏறினால் போய் விசாரித்துவிட்டு அன்றே திரும்பிவிடலாம்.

சரி, கதவு முழுக்க மூடியிருக்கிறதா? இல்லை இளவல்களே, இல்லை!

ஸ்பானியப் பிள்ளை ஆங்கிலத்தில் 'ஸ்கூல்' என்று சொல்லத் திணறி 'எஸ்கூல்' என்பான். நம் தெருவில் என்ன சொல்கிறோம்? 'இஸ்கூல்', 'இஸ்டேஷன்'! அதே நோய். அந்த நோயிலிருந்து மீண்டு வந்த ஆசிரியருக்குத்தான் மருந்து தெரியும். பிறந்ததிலிருந்து சரியாகச் சொல்லும் லண்டன்காரருக்கு, அந்தப் பிள்ளை ஏன் தடுக்கி விழுகிறான் என்பதே புரியாமல் போகலாம். நேர்காணலில் நம் பிள்ளைகள் இதைச் சொல்ல வேண்டும். "நான் ஆங்கிலத்தோடு பிறக்கவில்லை, அதைக் கற்றவன், அதனால் கற்பிக்கத் தெரிந்தவன்" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.

சொன்னால் போதாது, சான்றும் வேண்டும். பட்டத்தோடு பி.எட். இருக்கட்டும். முடிந்தால் கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழ். குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி, அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன் நின்று பாடம் நடத்திக் காட்ட வேண்டும். செலவு அதிகம்தான். ஆனால் ஏஜெண்டிடம் கொடுப்பது போய்விடும், இது உங்கள் கையில் நிற்கும். பட்டச் சான்றுக்கு 'அப்போஸ்டில்' முத்திரை வாங்கி வையுங்கள். இந்தியா 2005 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. ஸ்பெயினும் மெக்சிகோவும் அதை ஏற்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்பானிய மொழியைக் கற்றுக் கொள்ளுங்கள்! எவ்வளவு எளிது தெரியுமா? மதரஸாவில் ஓதிய பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்தது. 'ஹோசே' என்ற பெயரின் முதல் ஓசை, நீங்கள் ஓதும்போது தொண்டையிலிருந்து எடுக்கிற 'ஃகா'. மட்ரிட்காரர் 'ஸபாத்தோ' என்று செருப்பைச் சொல்லும்போது, நுனிநாக்கைப் பற்களுக்கிடையே வைத்து நம் ஹஜ்ரத் பிரம்போடு சொல்லிக் கொடுத்தாரே, அதே 'ஸா'. 711 முதல் 1492 வரை அங்கே முஸ்லிம்கள் ஆண்ட தடம் அவர்கள் நாக்கில் இன்னும் இருக்கிறது. சர்க்கரை அவர்களுக்கு 'அஸூகார்', அரபியில் 'ஸுக்கர்'. எண்ணெய் 'அஸேய்தே', அரபியில் 'ஸைத்'. பருத்தி 'அல்கோதோன்', அரபியில் 'குத்ன்'. 'அப்படி நடக்கட்டுமே' என்று ஆசைப்பட்டு அவர்கள் சொல்லும் 'ஓஃகலா'வுக்குள் அல்லாஹ்வின் பெயரே ஒளிந்திருக்கிறது! டெல்லியில் 'செர்வாந்தேஸ் நிறுவனம்' என்ற ஸ்பெயின் அரசின் மொழிக்கூடம் இருக்கிறது. 'டெலே' என்ற தேர்வு உலகெங்கும் செல்லும்.

ஆசிரியர் வேலை கிடைக்காமலே போனாலும் இந்த மொழி வீணாகாது. சென்னையிலும் நம் மாவட்டத்து எண்ணூரிலும் கப்பலேறும் கார்கள் மெக்சிகோ வரை போகின்றன. பாரிவேரை வாங்கியிருப்பது ஸ்பெயினின் ரோகா. இரண்டு மொழியும் அறிந்தவனை ஏற்றுமதிப் பிரிவில் உட்கார வைப்பார்களா, ஒப்பந்தக் கூலியாக மூட்டை தூக்க வைப்பார்களா?

அந்தத் தம்பியின் செய்தியைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். ஏஜெண்டிடம் மூன்றே விவரம் எழுத்தில் கேட்கச் சொன்னேன். பதிவு எண், பள்ளியின் பெயரும் முகவரியும், மெக்சிகோ குடியேற்ற அலுவலகத்தின் அனுமதி நகல். கேட்டு மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் 'வரும்' என்றார்களாம். இரண்டாம் வாரம் 'இடம் நிரம்பப் போகிறது, சீக்கிரம் கட்டு' என்றார்களாம். இப்போது போனை எடுப்பதில்லை. வளையல் பாட்டியின் கையிலேயே இருக்கிறது. தம்பி பி.எட். விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறார். இரவு ஷிப்ட் முடிந்து ரயிலில் வரும்போது ஸ்பானிய எண்களை மனப்பாடம் செய்கிறாராம். நேற்று இருபது வரை ஒப்பித்துக் காட்டினார். பதினான்கில் மட்டும் கொஞ்சம் தடுமாறினார்.