ஆட்காட்டி விரல்

(மட்டக்களப்பு வாவிக்கரையில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கரையோர வயல்களில் ஆள் நடமாட்டம் கண்டதும் கத்தி ஊரைக் கூட்டும் குருவியை ஆட்காட்டி என்கிறோம். பெருவிரலுக்குப் பக்கத்து விரலுக்கும் அதே பெயர்தான். ஆளைக் காட்டுவதால் ஆட்காட்டி விரல்; சுட்டிக் காட்டுவதால் சுட்டுவிரல்.

மலைநாட்டில் பெருவிரலோடு சேர்ந்து கொழுந்து கிள்ளுவதும் இந்த விரல்தான். அப்படி உழைத்த நம்மவர்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பறித்தது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்கு உரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆகிவிட்டது. இதற்கிடையில் 1977, 1983 வன்செயல்களால் தோட்டங்களை விட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் வந்த குடும்பங்கள் எத்தனை!

2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் இடது சுண்டுவிரலில் மை பூசினார்கள். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் இடது ஆட்காட்டி விரலில் பூசினார்கள். அந்த மை, ‘இவரும் இந்த நாட்டு ஆள்’ என்று காட்டியது.

ஆகவே, வாக்காளர் இடாப்பு பார்வைக்கு வரும்போது வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரிலும் விரல் வைத்துப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் அன்றே கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பிள்ளைக்குப் பதினெட்டு வயதானால் பதியச் சொல்லுங்கள்.

சம்பளத் துண்டிலும் அப்படித்தான். பெருவிரல் கைநாட்டு வைக்கும் முன், ஆட்காட்டி விரல் ஒவ்வொரு கழிவையும் தொட்டுக் கேட்கட்டும்: “இது எதற்கு?”