‘பெண்கள் உட்பட’



பாலினம், வன்முறை, அரசியல் மோதல் என்று இந்தக் கருத்தரங்கின் அழைப்பிதழில் படித்ததும் எனக்கு இன்னொரு சொல் நினைவுக்கு வந்தது: ‘உட்பட’. கலவரச் செய்தியோ, துப்பாக்கிச் சூட்டு அறிக்கையோ, எதை எடுத்தாலும் ‘பெண்கள் உட்பட இத்தனை பேர்’ என்று இருக்கும். நம் வரலாறு பெண்ணுக்குக் கொடுத்த இடம் பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான். அதைப் பிரித்துப் பார்க்கவே இங்கே கூடியிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

தொலைவுக்குப் போக வேண்டாம். இந்த விளாங்குடியிலிருந்து மேற்கே, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்களை 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. அந்தச் சாவுக் கணக்கை ‘மாயக்காள் என்ற பெண் உட்பட’ என்றே மேடைகளில் சொல்கிறோம். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்பது ஊரின் நினைவு. அதற்கு மேல் அவரைத் தேடினோமா? அந்தச் சட்டம் ஆண்களை இரவில் போலீஸ் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வைத்தது. சென்னை மாகாணத்தில் 1947-ல் அது நீங்கும்வரை, ஆண் இல்லாத அந்த இரவுகளைப் பெண்கள் எப்படிக் கழித்தார்கள்? யார் வந்து கதவைத் தட்டினார்கள்?

நானும் கேட்கவில்லை. என் முதல் கள ஆய்வுக்குக் குடும்பத் தலைவர் பெயர், நிலம், ரேகைப் பதிவு என்று கட்டம் போட்டு எடுத்துப் போனேன். இரவைக் கேட்க அதில் கட்டம் இல்லை. கிளம்பும்போது ஓர் அப்பத்தா, “எழுதுனத எனக்குப் படிச்சுக் காட்டுவியா தாயி?” என்றார். சரி என்றேன். திரும்பிப் போனபோது அவர் இல்லை.

வாச்சாத்தியைச் சற்று நிதானமாகப் பேச வேண்டும். தருமபுரி மாவட்டம், அரூர் பக்கத்துப் பழங்குடி ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து நுழைந்தன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். சிறுமிகளும் அவர்களில் உண்டு. வீடுகளை இடித்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள். சிறைக்குக் கொண்டு போனதிலும் பெரும்பாலோர் பெண்கள். புகார் சொல்ல வேண்டியவர்கள் மீதே வழக்கு.

1995-ல் விசாரணை சிபிஐ கைக்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள்; மீதி 215 பேருமே குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023-ல் அதே தேதியில், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது.

முப்பத்தோரு ஆண்டுகள். ‘தாமதமான நீதி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பிள்ளைகள் வளர்ந்து, அவர்களுக்குக் கல்யாணம் பேசும் வயது வந்த பிறகும் தாயின் பெயரோடு ஒட்டியிருந்த வழக்கு அது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கூடவே நின்றன. ஆனால் கூண்டில் ஏறிச் சொன்னவர்கள் அந்தப் பெண்கள். நம் ஆய்வேடுகளில் ‘பாதிக்கப்பட்டோர்’ என்ற தலைப்பின்கீழ் அவர்களை வைக்கிறோம். அரசின் மூன்று துறைகளை எதிர்த்து வென்றவர்களை அந்தத் தலைப்புக்குள் எப்படி அடக்குவது? எனக்கு அவர்கள் அரசியல் செய்தவர்கள்.

ஊரை ஒடுக்க நினைப்பவன் ஊர்ப் பெண்ணைத் தொடுகிறான். ஊர் தன் மானத்தை அவள் மேல் ஏற்றி வைத்திருப்பது அவனுக்குத் தெரியும். பஞ்சாப் பிரிவினையில், மானத்தின் பெயரால் சொந்தக் குடும்பத்தாரே பெண்களைக் கொன்றதும் நடந்தது. ஊர்வசி புட்டாலியா, ரிது மேனன், கமலா பாசின் ஆகியோர் அதைப் பிழைத்திருந்தவர்கள் வாய்ச்சொல்லாகக் கேட்டு நூல்களாக்கியது 1998-ல். அரை நூற்றாண்டு காத்திருந்த பேச்சு அது.

காத்திருக்க மறுத்தவர் ரஜனி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர். இந்திய அமைதிப்படைக் காலத்தில் பெண்கள் பட்டதைக் கேட்டு எழுதினார். ‘முறிந்த பனை’ நூலாசிரியர்களில் ஒருவர். இலங்கைப் போரில் எந்தத் தரப்பின் துப்பாக்கியையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 35.

கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் ஒவ்வொரு அமர்விலும் ஒரே கேள்வி கேட்கப் போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் பேசிய பெண்ணுக்கு, நீங்கள் எழுதியதை அவர் மொழியில் படித்துக் காட்டினீர்களா? எந்த வரியை அடிக்கச் சொன்னார்? முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.