இடுப்பு முறிந்தோர் எழுந்து நடக்க
(சுந்தரபாண்டியத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலே நெய்யப்படும் கட்டுத்துணி தேசத்தின் பல பாகங்களிலுள்ள ஆஸ்பத்திரிகளுக்கும் போய்ச் சேருகிறது. அத்தகைய பிரதேசத்தில் நின்றுகொண்டு, கட்டுப் போட்டு மட்டும் தீராத ஒரு முறிவைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறேன். வயோதிகர் ஒருவர் விடியற்காலையில் கொல்லைப்புறம் போகையில் ஈரத்தரையில் சறுக்கியோ, இருட்டில் வாசற்படி இடறியோ விழுந்து, எழ மாட்டாமல் கிடக்கும்போது, "இடுப்பு ஒடிஞ்சு போச்சு" என்று வீட்டார் அலறுவார்கள். பெரும்பாலும் அங்கே முறிந்திருப்பது தொடையெலும்பின் மேற்பாகமாகும்.

அந்த எலும்பின் உச்சியிலுள்ள உருண்டைத் தலைக்கு வேண்டிய ரத்தத்திற் பெரும்பகுதி, அதன் கழுத்தை ஒட்டி ஏறும் மெல்லிய நாளங்கள் வழியாகவே செல்லுகிறது. கழுத்து முறிந்து விலகினால் அந்த நாளங்களும் அறுபட்டுத் தலை உயிரிழந்துபோகக்கூடும். ஆதலால் முதியோருக்கு அதை எடுத்துவிட்டுச் செயற்கைத் தலை பொருத்துகிறார்கள். கழுத்துக்குக் கீழே முறிந்தாலோ ரத்த ஓட்டத்துக்குக் குறைவில்லை. கம்பியோ தகடோ வைத்து நிலைநிறுத்துகிறார்கள். கை முறிவுக்கு நாட்டு வைத்தியர் கட்டிய கட்டுப் பலித்ததைக் கண்டவர்கள் இதற்கும் அதையே நாடுவது இயல்புதான். ஆனால் தொடையின் பெருந்தசைகள் காலை மேலே இழுத்துக் குட்டையாக்கி, பாதத்தை வெளிப்புறம் திருப்பிவிடுகையில், எந்தக் கட்டும் அந்த இழுப்பைத் தாங்காது.

எலும்பைக் கூட்டுவது வைத்தியர் செய்யும் காரியம். மனிதர் மீள்வதோ அதற்கு மேற்பட்ட பல காரணங்களைப் பொறுத்தது. பல தேசங்களின் கணக்குகளைப் பார்க்கும்போது, இம்முறிவுக்குப் பின் ஓராண்டுக்குள் ஐவரில் ஒருவரோ நால்வரில் ஒருவரோ காலமாகிறார். பிழைத்தோரிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பழைய நடை திரும்புவதில்லை. விழுவதற்கு முன்னே எவ்வளவு நடமாடினார், ஞாபகசக்தி எப்படி, இருதயம் எப்படி என்பவை நம் கைக்கு அப்பாற்பட்டவை. கைக்குட்பட்டவற்றில் முதன்மையானது காலம்.

17 நாடுகளில், நம் இந்தியாவும் உட்பட, 2,970 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2020-இல் வெளிவந்தது. முறிவு நிச்சயமான பின் சுமார் 6 மணி நேரத்தில் அறுவை செய்தாலும், சுமார் 24 மணி நேரத்தில் செய்தாலும், இறப்பில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணவில்லை. ஆயினும் விரைந்து செய்துகொண்டவர்களுக்குச் சித்தக் கலக்கம் குறைந்தது, அவர்கள் எழுந்து நின்றதும் சீக்கிரமாயிற்று. நம் பக்கத்தில் தாமதம் மணிக்கணக்கில் நிற்பதில்லை. திருப்பூரிலிருந்து மகன் வரவேண்டும், பணம் புரளவேண்டும், "இந்த வயசிலே ஆபரேஷனா?" என்று உறவினர் கூடிப் பேசி முடிக்கவேண்டும், இதற்குள் நாட்கள் கழிந்துவிடுகின்றன. அந்நாட்களில் நுரையீரலில் சளி கட்டுகிறது, முதுகில் புண் வைக்கிறது, கால் நாளங்களில் ரத்தம் உறைகிறது, தசை உருகுகிறது. பாசத்தினாலேயே பெரியவர்களைப் படுக்கையை விட்டு அசையவிடாமல் வைத்திருக்கிறோம். அந்தப் படுக்கையே அவர்களுக்குப் பகையாகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அறுவைக்கு மறுநாளே எழுப்பவேண்டும். கட்டிலோரத்தில் கால்களைத் தொங்கவிட்டுச் சற்று நேரம் உட்காரவைத்து, தலைசுற்றல் இல்லையென்று கண்டபின், வாக்கரை முன்னே வைக்கச் சொல்லி, அடுத்து அறுவை செய்த காலையும், கடைசியாக நல்ல காலையும் எடுத்துவைக்கச் செய்வார் இயன்முறை மருத்துவர். படி ஏறும்போது நல்ல கால் முந்தவேண்டும், இறங்கும்போது நோவுற்ற கால் முந்தவேண்டும். முதல் நாள் நாலடி போதும். அந்த நாலடியில் வலியைக் காட்டிலும் பயமே பெரிதாக நிற்கும். ஆகையால் பக்கத்தில் நிற்பவர் குரலில் பதற்றம் தொனிக்கக் கூடாது.

முன்னே சொன்ன சித்தக் கலக்கத்தால் இரவில் பாட்டி பிதற்றினால், மூளை கெட்டுவிட்டதென்றோ காற்றுக் கருப்பு என்றோ முடிவு கட்டவேண்டாம். வலி, மலச்சிக்கல், தொற்று, நீரிழப்பு, இடம் மாறிய கலக்கம் ஆகியவற்றால் வரும் அது பெரும்பாலும் தெளியக்கூடியதே. மூக்குக் கண்ணாடியை எடுத்து அணிவித்துவிடுங்கள். பழகிய குரலில் பேசுங்கள். சிறுநீர்க் குழாயைத் தேவைக்கு மேல் வைத்திருக்கவேண்டாமென்று கேளுங்கள். பத்தியம் என்று சொல்லிக் கஞ்சியோடு நிறுத்துவதும் பிழை. பருப்பு, முட்டை, பால், மீன் என்று அவரவர் வழக்கத்துக்கு ஏற்ற புரதமின்றித் தசை திரும்பாது.

ஒரு முறை முறிந்தவருக்கு மறுமுறை முறிவது சகஜம். எலும்பை உறுதிப்படுத்த ஆண்டுக்கு ஒருமுறை ரத்த நாளத்தில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் என்னும் மருந்து புதிய முறிவுகளையும் இறப்பையும் குறைத்ததாக 2007-இல் நிரூபிக்கப்பட்டது. எனினும் அறுவை முடிந்து வீடு திரும்புகிறவரிடம் இதை எடுத்துச் சொல்பவர் அரிதாகவே இருக்கிறார்.

ஆனாலும் வழிகாட்ட ஆளில்லை, வசதியில்லை என்று மனம் தளரவேண்டாம். இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கென முதுகலைப் பட்டப்படிப்பு முதன்முதலில் 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் தொடங்கியது, டாக்டர் வி. எஸ். நடராஜன் அதற்கு மூலபுருஷர். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. வீடு தேடி வந்து பயிற்சியளிக்க இயன்முறை மருத்துவரை அனுப்பும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் பிறந்தது. சுந்தரபாண்டியத்து அன்பர்களே, விழுந்தவரை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வீடு திரும்பியதும் அத்திட்டத்தில் பெயரைப் பதிந்து இயன்முறை மருத்துவரை வரவழையுங்கள். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி பதித்து, கொல்லைக்குப் போகும் வழியில் ஒரு விளக்குப் போடுங்கள்.